பிடிக்காத நாயகனை எழுத வரும் பிள்ளைகளுக்கு

பாவூர்சத்திரம் மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் என் வீட்டுக்கு, கதையோடு வரும் பிள்ளைகள் இப்போது அதிகமாகியிருக்கிறார்கள். பெரும்பாலும் காதல் கதைதான். காலேஜ் பஸ், தென்காசி பஸ் ஸ்டாண்ட், குற்றாலச் சாரல். நாயகன் மட்டும் எல்லாவற்றிலும் ஒரே ஆள்: ஏழை, நல்லவன், அம்மா மேல் உயிர். ஒரு சிலர்தான் துணிந்து ஒரு சுயநலக்காரனையோ வாய்த்துடுக்குக்காரியையோ நடுவில் நிறுத்துகிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

1. உங்கள் நாயகன் மோசமானவன் என்பது முதலில் உங்களுக்குத் தெரிய வேண்டும். நம்மிடம் பிடிக்காத நாயகர்களுக்குப் பஞ்சமே இல்லை. எழுதுகிறவருக்கு அது தெரியாததுதான் சங்கடம். 1999-ல் வந்த ‘சேது’வில் நாயகன் சீயான் அபிதாவைத் தூக்கிக்கொண்டு போய் மிரட்டித்தான் காதலைச் சொல்கிறான். படம் நல்ல படம், விக்ரம் பிரமாதம், அது வேறு விஷயம். தியேட்டரில் நாமும் கை தட்டினோம். அந்தக் கைதட்டல் காதிலேயே நின்றுவிட்டதால், ஒரு பெண்ணை மூன்று வருஷம் பஸ் ஸ்டாப்பில் பின்தொடர்ந்தவனை உத்தமக் காதலன் என்று எழுதிக்கொண்டு வருகிறீர்கள். அவள் அந்த மூன்று வருஷமும் எந்த பஸ்ஸில் மாறிப் போனாள், வீட்டில் என்ன பொய் சொன்னாள் என்று ஒரு வரி கிடையாது.

2. ஆதவனைப் படியுங்கள். வெளியூர்க்காரர் என்று நினைக்க வேண்டாம். இங்கிருந்து கடையம், அம்பாசமுத்திரம் வழியாகப் போனால் கல்லிடைக்குறிச்சி. 1942-ல் அங்கே பிறந்தவர். வாழ்க்கை டெல்லியில். 1987-ல் சிருங்கேரியில் துங்கா நதியில் மூழ்கி இறந்தார். அந்த ஆண்டின் சாகித்ய அகாதமி விருது, அவர் மறைவுக்குப் பின், ‘முதலில் இரவு வரும்’ தொகுதிக்கு வந்தது. உங்களுக்கு வேண்டியது 1980-ல் வந்த ‘என் பெயர் ராமசேஷன்’. காலேஜ் பையன் ஒருவன் தன் கதையைத் தானே சொல்கிறான். நண்பனின் வசதியைப் பார்த்துப் பொருமுகிறான். அந்த நண்பன் வீட்டிலேயே மதிப்பு வாங்கவும் துடிக்கிறான். பெண்களிடம் பழகும்போதுகூடத் தான் எப்படித் தெரிகிறோம் என்பதிலேயே அவனுக்குக் கண். பத்துப் பக்கத்தில் அவனை ஒரு அறை விடலாம் என்று தோன்றும். ஆனாலும் புத்தகத்தைக் கீழே வைக்க முடியாது. காரணம், அவன் தன்னைத் தப்பவிடுவதில்லை. தன் வேஷத்தைத் தானே பார்த்துச் சிரிக்கிறான். நாம் மறைத்து வைத்திருக்கும் அற்பத்தனங்களை அவன் கூசாமல் சொல்லும்போது, நமக்குக் கூசுகிறது. இந்தப் புத்தகத்தை ஒரு முறை கதைக்காகவும், இன்னொரு முறை அவன் எங்கெங்கே நடிக்கிறான் என்று கோடு போட்டுக்கொண்டும் படியுங்கள்.

3. ‘அவன் சுயநலக்காரன்’ என்று எழுதினால் எனக்கு எதுவும் தெரியாது. கமிஷன் கடையில் கணக்கெழுதும் பையன் ஒருவனை எடுத்துக்கொள்ளுங்கள். தக்காளிப் பெட்டிக்கு இரண்டு கிலோ கழிக்க வேண்டிய இடத்தில், விவசாயி கையில் கொடுக்கும் சீட்டில் மூன்று கழிக்கிறான். கடைப் புத்தகத்தில் சரியாக எழுதுகிறான். பெரியவர் கண்ணாடி கொண்டு வரவில்லை. சீட்டை நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, “சரியா இருக்கும்லா தம்பி?” என்கிறார். “இருக்கும் தாத்தா.” அன்று சாயங்காலம் தன் காதலிக்குக் கவரிங் கம்மல் வாங்கிக் கொடுக்கிறான். அவள் போட்டுப் பார்த்துச் சந்தோஷப்படுகிறாள். அந்தக் கம்மலின் கணக்கு வாசகருக்கு மட்டும் தெரியும். இதற்கு மேல் அவனைப் பற்றி ஒரு வார்த்தை விளக்க வேண்டியதில்லை.

4. குடிகார அப்பாவைக் கொண்டுவந்து எல்லாவற்றுக்கும் காரணம் சொல்லாதீர்கள்.

5. பையன் கெட்டவன் என்றால் ரசிக்கிறோம், பெண் என்றால் நடுங்குகிறோம். 1966-ல் ஆனந்த விகடனில் ஜெயகாந்தனின் ‘அக்னிப் பிரவேசம்’ வந்தபோது எழுந்த கூச்சலை நினைத்துப் பாருங்கள். தப்பு ஏதும் செய்யாத பெண்ணை, தாய் தலையில் தண்ணீர் ஊற்றி ஏற்றுக்கொண்டாள் என்பதற்கே அத்தனை எதிர்ப்பு. இங்கிலாந்தில் ஜேன் ஆஸ்டின் 1815-லேயே ‘எம்மா’ எழுதிவிட்டார். தன்னைத் தவிர வேறு யாருக்கும் இவளைப் பிடிக்காது என்று சொல்லிவிட்டே அந்த நாயகியை எழுத உட்கார்ந்தாராம். பணக்காரி, கர்வி, அடுத்தவர் கல்யாணத்தில் மூக்கை நுழைப்பவள். நம் பக்கத்தில் வீட்டுக்கு வீடு பீடி சுற்றுகிறார்கள். மடியில் சுளவை வைத்துச் சுற்றிக்கொண்டே, பக்கத்து வீட்டுத் தோழியின் காதலை அவள் அண்ணன் காதில் போட்டுவிடும் ஒருத்தியை உங்கள் கதைகளில் நான் இன்னும் பார்க்கவில்லை. அவளுக்கும் ஒரு காதல் உண்டு, அது கைகூடவில்லை, அவ்வளவுதான். எழுதுங்கள்.

6. அடிபட்டவரை மறக்காதீர்கள். தி. ஜானகிராமனின் ‘மோகமுள்’ என்றால் எல்லோருக்கும் யமுனாதான் ஞாபகம். எனக்குத் தங்கம்மாள். வயதானவருக்கு வாழ்க்கைப்பட்ட சின்னப் பெண்; நாயகன் பாபு அவளோடு பழகிவிட்டு விலகுகிறான், அவள் உயிரை விடுகிறாள். சங்கீதமும் யமுனாவும் நாவலை நிறைத்திருந்தாலும் பாபுவின் மேல் அந்தக் கறை போகவில்லை. போகக் கூடாது.

7. கடைசி அத்தியாயத்தில் நாயகனை ஐந்தருவியில் நனைய வைத்துத் திருத்தி அனுப்புவது வேண்டாம். திருந்தலாம், ஆனால் கம்மல் காசு அந்தப் பெரியவருக்குத் திரும்பிப் போனதா என்று நான் கேட்பேன்.

8. என்னிடம் கொண்டுவருவதற்கு முன், கதையை அக்காவிடமோ தங்கச்சியிடமோ கூடப் படிக்கும் பெண்ணிடமோ கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். எந்த இடத்தில் அவர்களுக்கு எரிச்சல் வந்தது என்பதைப் பென்சிலால் குறித்து வாங்குங்கள். நீங்கள் எரிச்சலூட்ட நினைத்த இடமும் அந்தக் குறியும் ஒன்றாக இருந்தால் கதை தேறிவிட்டது. வேறாக இருந்தால் திருத்திவிட்டு வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு மேல் நான் வீட்டில்தான் இருப்பேன்.