இடுப்புப் பை எதற்கு?

கேள்வி: நண்பர்களோடு வெள்ளியங்கிரி மலை ஏறப் போகிறேன். தோள் பை இருக்கும்போது தனியாக இடுப்புப் பையும் வேண்டுமா?

பதில்: கட்டாயம் வேண்டும். தோள் பையை உட்காரும் இடத்தில் கழற்றி வைப்போம், களைத்தால் கூட வருபவரிடம் கொடுப்போம். இருட்டில் வழி பிரிந்துவிட்டால் உடம்போடு கட்டியிருப்பது மட்டுமே கைகொடுக்கும். தண்ணீர் புகாத துணியில், இரண்டு லிட்டர் கொள்ளளவுக்குள் வாங்குங்கள். அதைவிடப் பெரிதானால் நடக்கும்போது ஆடும்; எரிச்சலில் நீங்களே அவிழ்த்துவிடுவீர்கள்.

முதல் பொருள் விசில். தொண்டை வறண்டு குரல் எழும்பாதபோதும் ஊதலாம். விட்டு விட்டு மும்மூன்றாக ஊதுங்கள், அது ஆபத்துக்கான அடையாளம். பைக்குள் போடாமல் வாரிலேயே கட்டிவிடுங்கள். பிறகு சின்ன டார்ச், ஓஆர்எஸ் பொட்டலம், கிரேப் பேண்டேஜ், நீங்கள் அன்றாடம் போடும் மாத்திரை. வெள்ளியங்கிரியின் கடைசி மலையான ஏழாவது மலையில் குளிர்காற்று பலமாக அடிக்கும். மடித்தால் உள்ளங்கையில் அடங்கும் அலுமினியப் பூச்சுப் போர்வையை மறக்காதீர்கள். கிளம்பும் முன், பையைக் கட்டிக்கொண்டு கண்ணை மூடியபடி ஒவ்வொன்றையும் எடுத்துப் பழகுங்கள்.