ஆட்டுக்கொல்லி வைரஸ் உடலுள் புகும் வழி

திருமயம் வட்டாரம் வானம் பார்த்த பூமி. மழை பொய்த்த ஆண்டில் குடியானவர் குடும்பத்தைத் தாங்கி நிற்பவை பட்டியிலுள்ள ஆடுகளே. பிள்ளைகளின் படிப்புக்கும் மருத்துவச் செலவுக்கும் உடனே கைகொடுக்கும் செல்வம் அது. அச்செல்வத்தைச் சில நாட்களிலேயே அழிக்க வல்லது ஆட்டுக்கொல்லி நோய். இதனை உண்டாக்கும் வைரஸ் ஆட்டின் உடலுள் எவ்வாறு புகுகிறது என்பதை நாம் அறிந்துகொண்டால், தடுக்கும் வழியும் எளிதில் விளங்கும்.

இந்நோய் 1942-இல் மேற்கு ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்டில் முதன்முதலாக விவரிக்கப்பட்டது. இந்தியாவில், 1987-இல் நம் மாநிலத்தின் விழுப்புரம் பகுதியிலுள்ள அரசூரில் முதலில் கண்டறியப்பட்டது.

ஆட்டின் உடல் எண்ணற்ற உயிரணுக்களால் ஆனது. ஒவ்வோர் உயிரணுவையும் சவ்வு ஒன்று மதில்போலச் சூழ்ந்துள்ளது. 1687-இல் சேதுபதி மன்னர் கட்டிய திருமயம் கோட்டையின் மதிலை இடிப்பது எளிதன்று. வாயில் திறந்தாலோ எவரும் உட்புகலாம். வைரஸும் மதிலை இடிப்பதில்லை, வாயிலையே தேடுகிறது. உயிரணுவின் மேற்புறத்தில், உடலின் சொந்த அலுவலுக்காகச் சில புரதங்கள் அமைந்துள்ளன. அவற்றைப் பூட்டு எனக் கொண்டால், வைரஸின் மேலுள்ள ஒரு புரதம் அதற்குப் பொருந்தும் கள்ளச்சாவியாகும். சாவி பொருந்தியதும், வைரஸின் மற்றொரு புரதம் அதன் கொழுப்புறையை உயிரணுவின் சவ்வோடு இணைத்துவிடுகிறது. உள்ளிருந்த மரபுப்பொருள் உயிரணுவுள் இறங்கி, புதிய வைரஸ்களை உண்டாக்குமாறு அதனை ஏவுகிறது.

இந்த வைரஸுக்கு இரு வாயில்கள் உண்டு. மூச்சோடு உட்சென்றதும், முதலில் நோயெதிர்ப்பு உயிரணுக்களிலுள்ள ‘ஸ்லாம்’ என்னும் புரதத்தைப் பற்றுகிறது. காவலர்களையே முதலில் வீழ்த்தி, அவர்களுள்ளேயே பெருகுகிறது. பின்னர் இரத்தத்தில் பரவி, வாய், குடல், நுரையீரல் ஆகியவற்றின் உட்புறப் படலத்திலுள்ள ‘நெக்டின்-4’ என்னும் புரதத்தின் வழியாக நுழைகிறது. காய்ச்சல், மூக்கொழுகல், வாய்ப்புண், கழிச்சல், மூச்சுத்திணறல் ஆகியன இதன் விளைவே.

வைரஸ் புகுந்து, பெரும்பாலும் நான்கு முதல் ஆறு நாட்கள் சென்ற பின்னரே காய்ச்சல் தோன்றும். ஆதலின் சந்தையில் நலமாகத் தோன்றிய ஆடும் நோயைச் சுமந்து வரலாம். வாங்கிய ஆட்டை மூன்று வாரம் தனியே கட்டிவைத்தபின் மந்தையில் சேர்ப்பதே அறிவுடைமை. நோயுற்ற ஆட்டின் கண்ணீர், சளி, சாணம் ஆகியவற்றில் வைரஸ் வெளிப்படும். அதன் கொழுப்புறை சோப்பில் கரைந்து சிதையுமாதலால், கைகளையும் தீவனத் தொட்டிகளையும் சோப்பு நீரால் கழுவுதல் நன்று.

உயிரணுவினுள் புகுந்துவிட்ட இவ்வைரஸை ஒழிக்கும் மருந்து இல்லை. கால்நடை மருத்துவர் தரும் மருந்துகள், உடன் தொற்றும் பாக்டீரியாக்களை அடக்கி ஆட்டைத் தேற்றவே உதவும். எனவே வாயிலை முன்னதாகவே காப்பது ஒன்றே வழி. அதனைச் செய்வது தடுப்பூசி. வீரியம் குறைக்கப்பட்ட வைரஸை ஊசி வழியே பெற்ற உடல், எதிர்ப்பொருள்களை உண்டாக்குகிறது. அவை கள்ளச்சாவியைச் சூழ்ந்து, பூட்டில் பொருந்தாவண்ணம் தடுக்கின்றன. அரசூரில் கிடைத்த அதே வைரஸிலிருந்து தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் தடுப்பூசி உருவாக்கியிருப்பது நமக்குப் பெருமையாகும். ஒருமுறை போட்ட ஊசி மூன்றாண்டுகளேனும் காக்கும். நான்கு மாதம் நிறைந்த குட்டிகளுக்கும் தவறாது போடுதல் வேண்டும்.

இதற்கு நெருங்கிய உறவான மாட்டு வெக்கை நோய், தடுப்பூசியின் துணையால் உலகிலிருந்தே ஒழிந்ததென 2011-இல் அறிவிக்கப்பட்டது. ஆட்டுக்கொல்லியையும் 2030-க்குள் ஒழிக்க உலக நாடுகள் உறுதிபூண்டுள்ளன.

கண்மாய்க் கரையிலும் தரிசிலும் ஊராரின் ஆடுகள் யாவும் கலந்தே மேய்கின்றன. ஒரு வீட்டார் ஊசியைத் தவிர்ப்பின் ஊருக்கே கேடு. ஆகவே ஊராட்சி உறுப்பினர்கள் வீடுதோறும் ஆடுகளைக் கணக்கெடுத்து, முகாம் நாளை ஒலிபெருக்கியில் அறிவித்து, ஆடுகள் மேய்ச்சலுக்குச் செல்லுமுன் காலையிலேயே ஊசி போட ஏற்பாடு செய்தல் வேண்டும். தடுப்பூசி மருந்து பனிக்கட்டிப் பெட்டியிலேயே வருகிறதா என்பதையும் கவனித்தல் அவர்தம் கடமையாகும். வாயிலைக் காக்கும் பொறுப்பு ஊரார் அனைவருக்கும் உரியது.