மும்பையில் குடியேறுவோரும் நிலத்தின் ஏற்றத்தாழ்வும்

உத்தியோக மாற்றம் காரணமாகவோ தொழிலை நாடியோ மும்பைக்குக் குடிபெயரும் குடும்பத்தினர், வீடு தேடுங்கால் சாதாரணமாக நான்கு விஷயங்களை விசாரிக்கின்றனர். வாடகை, அலுவலகத்தின் தூரம், குழந்தைகளுக்கேற்ற பள்ளிக்கூடம், அண்டையில் தம் மொழி பேசுவோர் உளரா என்பன அவை. இவை யாவும் அவசியமானவையே. ஆயினும் கடற்கரை நகரத்தில் ஐந்தாவதாக ஒரு கேள்வியையும் கேட்டல் வேண்டும். அத்தெருவில் பெய்யும் மழைநீர் எவ்வழியாகக் கடலைச் சென்று சேர்கிறது என்பதே அக்கேள்வி. இதற்கு விடை காண ஒருவர் பொறியியல் நிபுணராக இருக்க வேண்டியதில்லை. நிலத்தின் இயல்பைச் சிறிது அறிந்திருந்தாலே போதும்.

நிலம் உருவான விதம்

மும்பை நகரின் தென்பகுதி முற்காலத்தில் ஏழு தனித் தீவுகளாக இருந்தது. கொலாபா, சிறு கொலாபா, பம்பாய், மசகான், பரேல், வொர்லி, மாஹிம் என்பன அவை. கடல் ஏறும்போது இத்தீவுகளின் இடையே நீர் புகும். இறங்கும்போது சேற்று நிலம் வெளிப்படும். பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் கரைகள் கட்டியும் மண் கொட்டியும் இவ்விடைநிலங்கள் தூர்க்கப்பட்டன. தீவுகள் ஒன்றாயின, ஆனால் பழைய ஏற்றத்தாழ்வு முற்றிலும் மறைந்துவிடவில்லை. மேற்கே மலபார் குன்றும் கம்பாலா குன்றும், கிழக்கே மசகான், சிவ்ரி மேடுகளும் ஒரு தாம்பாளத்தின் விளிம்புகளைப் போல நிற்க, நடுவே தாழ்ந்த சமவெளி அமைந்துள்ளது. விளிம்பில் பெய்யும் நீர் நடுவில் வந்து சேர்தல் இயல்பு. பரேலுக்கும் தாதருக்கும் இடைப்பட்ட ஹிந்த்மாதா பகுதியில் பல்லாண்டுகளாக மழைநீர் தேங்கி வந்ததற்கும், அதனைச் சேமிக்க அண்மை ஆண்டுகளில் நிலத்தடித் தொட்டிகள் அமைக்க நேர்ந்ததற்கும் இதுவே முக்கிய காரணம்.

ஓதமும் வடிகாலும்

மும்பைக் கடலில் நாளொன்றுக்கு இருமுறை நீர் ஏறி இருமுறை இறங்குகிறது. இவ்வோதம் அமாவாசை, பௌர்ணமி ஆகியவற்றையொட்டி மிகுந்து காணப்படும். நகரின் மழைநீர் வடிகால்களுள் பலவற்றின் வாய்கள் உயர் ஓத மட்டத்திற்குக் கீழே உள்ளன. கடல் இறங்கியிருக்கையில் நீர் தானே வடிந்துவிடும். கடல் ஏறியிருக்கையிலோ வடிகாலின் வாய் அடைபட்டது போலாகிறது. மழைநீர் போக்கிடமின்றித் தெருவில் நிற்கிறது. நீரேற்று நிலையங்களைக் கொண்டு அதனை இறைத்துக் கடலில் விடவேண்டியுள்ளது. மேலும், பழைய வடிகால்கள் மணிக்கு 25 மில்லிமீட்டர் மழையை மட்டும் கருதி அமைக்கப்பட்டவை. 1993ஆம் ஆண்டுத் திட்ட அறிக்கை இதனை 50 மில்லிமீட்டராக உயர்த்துமாறு பரிந்துரைத்தது.

2005ஆம் ஆண்டு ஜூலை 26ஆம் தேதி பெய்த மழை இவ்வுண்மையைத் துயரத்துடன் விளக்கிற்று. சாந்தாகுரூஸ் நிலையத்தில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை பதிவாயிற்று. அதே காலத்தில் தென்கோடியிலுள்ள கொலாபாவில் பதிவானது ஏறத்தாழ 74 மில்லிமீட்டரே. அன்று பிற்பகலில் உயர் ஓதமும் சேர்ந்துகொண்டது. விஹார், பவாய் ஏரிகளின் உபரிநீரைச் சுமந்து மாஹிம் உப்பங்கழியில் கலக்கும் மிட்டி ஆறு கரைபுரண்டது. குர்லா, கலீனா முதலிய ஆற்றோரப் பகுதிகள் மூழ்கின; நகரில் நூற்றுக்கணக்கானோர் உயிரிழந்தனர். ஒரே நகரத்தில் ஒரு பகுதியில் பெருவெள்ளமும் மற்றொரு பகுதியில் சாதாரண மழையும் ஏற்படக்கூடும் என்பது இதனால் விளங்கும்.

பேட்டையின் பெயர் போதாது

1896இல் பரவிய பிளேக் நோயின் விளைவாக, 1898இல் பம்பாய் நகர அபிவிருத்தி டிரஸ்ட் நிறுவப்பட்டது. அது தாதர், மாதுங்கா பகுதிகளில் அகன்ற வீதிகளும் பூங்காக்களும் கொண்ட குடியிருப்புகளை வகுத்தது. தமிழ்க் குடும்பங்கள் நெடுங்காலமாக விரும்பி வாழும் இடம் மாதுங்கா. ஆயினும் அதனையடுத்த கிங்ஸ் சர்க்கிள், காந்தி மார்க்கெட் பகுதிகள் கனமழையில் நீர் தேங்குவதற்குப் பெயர்பெற்றவை. ஆகவே, 'நல்ல பேட்டை' என்று கேள்வியுற்ற அளவில் அமைந்துவிடலாகாது. தெருத்தெருவாகப் பார்த்தல் வேண்டும்.

உயரமான இடமெல்லாம் பாதுகாப்பானது என்று எண்ணுவதும் தவறு. 2000ஆம் ஆண்டு ஜூலையில் காட்கோபரிலும், 2021ஆம் ஆண்டு ஜூலையில் செம்பூரிலும் கனமழையின்போது குன்றுச் சரிவுகளில் இருந்த குடிசைகள்மீது மண்ணும் சுவரும் சரிந்து பலர் மாண்டனர். மேட்டின்மீது வாழ்தல் வேறு, செங்குத்தான சரிவின் அடியில் வாழ்தல் வேறு.

கடற்காற்று பகலின் வெப்பத்தைத் தணிக்கிறது. ஆயினும் அது உப்பையும் சுமந்து வருகிறது. உப்பு கான்கிரீட்டினுள் ஊடுருவி இரும்புக் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்யும். துருவேறிய கம்பி பருத்து, தன்மேலுள்ள சாந்தைப் பிளக்கும். கூரையில் கம்பிவாக்கில் ஓடும் நீண்ட வெடிப்பும் பழுப்புக் கறையும் இதன் அடையாளங்கள். வெள்ளைப் பூச்சு பூசி இவற்றைச் சில மாதங்கள் மறைக்கலாம், நீக்க இயலாது.

முன்பணம் கொடுப்பதற்கு முன்

1. இயலுமாயின், ஜூன் முதல் செப்டம்பர் வரையுள்ள மழைக்காலத்தில், உயர் ஓத நேரத்தில் தெருவைச் சென்று பார்க்க. ஓத நேரங்கள் நாளிதழ்களில் வெளிவருகின்றன.

2. தரைத்தளச் சுவர்களில் நீர் நின்ற கறை உள்ளதா, மின்சார மீட்டர் எவ்வளவு உயரத்தில் பொருத்தப்பட்டுள்ளது, கடைகளின் வாயிற்படி உயர்த்திக் கட்டப்பட்டுள்ளதா என்று கவனிக்க.

3. வீட்டுத் தரகரைக் காட்டிலும், அத்தெருவில் பல்லாண்டு கடை வைத்திருப்பவரிடம் விசாரிப்பது நலம். "சென்ற மழையில் நீர் எதுவரை வந்தது?" என்ற வினாவே போதும்.

4. மாநகராட்சி மழைக்கு முன்னர் வெளியிடும் அபாயமான கட்டிடங்களின் பட்டியலில் அவ்வீடு உளதா என்று பார்க்க.

5. வழியையும் சேர்த்து மதிப்பிடுக. சயான், குர்லா இடையே தண்டவாளம் நீரில் மூழ்கினால், வீடு உலர்ந்திருப்பினும் வீடு திரும்ப இயலாது.

வாடகை குறைந்த இடம் பெரும்பாலும் தாழ்ந்த இடமாகவே இருக்கும். குறைந்த வருவாயுடைய குடும்பத்தினருக்கு வேறு வழியின்றியும் போகலாம். அத்தகையோர் அதே தெருவில் கீழ்த்தளத்தைத் தவிர்த்து முதல் மாடியை நாடுவாராயின், வெள்ளத்தில் உடைமைகள் பெரும்பாலும் காக்கப்படும். அதுவும் இயலாதெனில், சான்றிதழ்களையும் மருந்துகளையும் உயரமான பரணில் வைப்பதும், நீர் ஏறும்போது எந்த மேட்டிற்குச் செல்வது என்பதை முன்கூட்டியே குடும்பத்தார் அனைவருக்கும் அறிவித்திருப்பதும் செலவில்லாத பாதுகாப்புகளாம்.