1099-இல் மறைந்தவர்கள்

திருவனந்தபுரம்

அன்புள்ள மருமகளுக்கு,

பள்ளி ஆண்டுமலருக்காக நீ தொகுத்த 'ஓராண்டில் மறைந்த பெரியோர்' பட்டியல் கிடைத்தது. பெயர், துறை, தேதி எல்லாம் ஒழுங்காக இருக்கின்றன. ஆனால் படித்து முடித்ததும் ஒரு பெயர்கூட மனதில் தங்கவில்லை, மக்களே. குறை உன் உழைப்பில் இல்லை, பட்டியல் என்ற வடிவத்தில் இருக்கிறது. பலர் ஒரே ஆண்டில் இறந்தார்கள் என்பது வெறும் தற்செயல். அவர்கள் வாழ்ந்த காலத்தில் ஒருவர் வழியில் மற்றவர் எங்கே குறுக்கிட்டார் என்று கேட்டால்தான் அந்த ஆண்டு நம்மிடம் பேசும். நான் இருக்கும் ஊரை வைத்தே இதைக் காட்டுகிறேன்.

1924-ஐ எடுத்துக்கொள். ஜனவரி 16 அன்று கவிஞர் குமாரன் ஆசான் இறந்தார். கொல்லத்திலிருந்து ஆலப்புழைக்குப் போன 'ரிடீமர்' என்ற படகு, அளவுக்கு மீறி ஆள் ஏற்றியிருந்தது. பல்லனை ஆற்றில் கவிழ்ந்த அந்தப் படகில் அவரும் போய்விட்டார். வயது 50. மே 5 அன்று கொல்லத்துக்கு அருகே பன்மனையில் சட்டம்பி சுவாமிகள் சமாதியானார். வயது 70. ஆகஸ்ட் 7 அன்று திருவிதாங்கூர் மகாராஜா ஸ்ரீமூலம் திருநாள் மறைந்தார். வயது 66.

நம் நாஞ்சில் நாட்டின் பழைய பத்திரங்களில் கொல்லம் ஆண்டு போட்டிருப்பதைப் பார்த்திருப்பாய். அந்த ஆண்டு ஆவணியில் பிறக்கும். மூன்று சாவும் 1099-க்குள் அடங்குகின்றன. மூணாறைச் சிதைத்து, குண்டளைப் பள்ளத்தாக்கின் ரயில் பாதையையே இல்லாமல் செய்த பெருவெள்ளம் வந்ததும் அதே ஆண்டின் கடைசியில்தான். கேரளத்தில் இன்றும் அதற்கு '99 வெள்ளம்' என்றே பெயர்.

பாடநூலில் ஆசான் இலக்கியப் பாடத்திலும், சுவாமிகள் சமூகச் சீர்திருத்தத்திலும், மகாராஜா ஆட்சி வரலாற்றிலும் வருவார்கள். மூவரும் ஒரே பக்கத்தில் சந்திப்பதே இல்லை. உண்மையில் மூவரையும் ஒரே கேள்வி பிணைத்திருந்தது: பள்ளியும் வேலையும் வேதமும் தெருவும் யாருக்கு உரியவை?

மகாராஜா 1885 முதல் 39 ஆண்டுகள் ஆண்டார். 1888-இல் சட்டசபை அமைத்தார். இந்திய சமஸ்தானங்களில் அதுவே முதலாவது. 1904-இல் மக்கள் பிரதிநிதிகள் குறை சொல்ல ஸ்ரீமூலம் பிரஜாசபை வந்தது. ஆனால் இதே ஆட்சியில், மருத்துவம் படித்த டாக்டர் பல்புவுக்கு ஈழவர் என்பதால் வேலை கிடைக்கவில்லை. அவர் மைசூர் சமஸ்தானத்துக்குப் போய் வேலை பார்த்தார். 1896-இல் 13,176 பேரின் கையெழுத்தோடு மகாராஜாவுக்கு மனு அனுப்பினார்.

அந்தப் பல்பு படிக்கவைத்த இளைஞர்தான் ஆசான். பிறந்தது அஞ்சுதெங்குக்கு அருகிலுள்ள காயிக்கரை. பெங்களூரிலும் கல்கத்தாவிலும் படித்துத் திரும்பி, 1903-இல் தொடங்கிய எஸ்.என்.டி.பி. யோகத்தின் முதல் செயலாளரானார். மகாராஜா அமைத்த பிரஜாசபையில் உறுப்பினராக அமர்ந்து ஈழவரான தம் மக்களின் பள்ளிச் சேர்க்கைக்கும் அரசு வேலைக்கும் வாதாடினார். அவருடைய கவிதை மட்டும் படித்தவர்களுக்கு இந்தப் பாதி ஆசான் தெரியாது.

அடுத்த முறை நீ இங்கே வரும்போது பாளையத்தில் இறங்கி ஆசான் சதுக்கத்தைப் பார். அங்கிருந்து சிறிது தூரத்தில் 1896-இல் கட்டிய நகர மண்டபம் இருக்கிறது. விக்டோரியா ராணியின் ஜூபிலிக்காக எழுந்த கட்டடம். பிரஜாசபை கூடியது அங்கேதான். புலையர் சமூகத்திலிருந்து வந்த அய்யங்காளி உறுப்பினராகப் பேசியதும் அந்தச் சபையில்தான். 2019-இல் அந்த மண்டபத்துக்கு அவர் பெயரையே வைத்தார்கள். ஒரு ராணிக்காகக் கட்டிய மண்டபம் அய்யங்காளி மண்டபமாகி நிற்கிறது.

சுவாமிகள் சபைக்குப் போகவில்லை. கண்ணம்மூலைக்கு அருகே ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். தலைமைச் செயலகக் கட்டடம் எழும்பியபோது அங்கே சிறுவயதில் கூலி வேலை செய்தார் என்று அவர் வரலாறு சொல்கிறது. பிறகு கல்லிடைக்குறிச்சிக்குப் போய் சுப்பா ஜடாபாடிகளிடம் சாஸ்திரம் கற்றார். 'வேதாதிகார நிரூபணம்' என்ற நூலில், வேதம் படிக்க எல்லோருக்கும் உரிமை உண்டு என்று அந்தச் சாஸ்திரங்களைக் கொண்டே நிறுவினார்.

ஆசான் இறந்து இரண்டரை மாதத்தில், மார்ச் 30 அன்று, கோயிலைச் சுற்றிய தெருக்களில் எல்லோரும் நடக்க உரிமை கேட்டு வைக்கம் சத்தியாக்கிரகம் தொடங்கியது. அது இரண்டாம் மாதத்தில் இருக்கும்போது சுவாமிகள் போனார். மகாராஜா மறைந்தபோது, அந்தப் போராட்டத்தில் கைதான பெரியார் திருவிதாங்கூர்ச் சிறையில் இருந்தார். இளவரசருக்கு வயது 11 என்பதால் ஆட்சிப் பொறுப்பேற்ற சேது லட்சுமி பாய், சத்தியாக்கிரகிகளை விடுவித்தார். ஆனாலும் தெருவைத் திறக்கக் கோரி எஸ்.என்.டி.பி. யோகத்தின் என். குமாரன் சட்டசபையில் கொண்டுவந்த தீர்மானம் 1925-இல் 22-க்கு 21 என்று ஒரே வாக்கில் தோற்றது. அந்த ஆண்டு நவம்பரில் மூன்று தெருக்கள் திறந்தன. கோயில் கதவு திறக்க 1936 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மூவர் இறந்ததும் கதை முடியவில்லை. அவர்கள் விட்ட இடத்திலிருந்து யார் தொடர்ந்தார்கள் என்பதும் அந்த ஆண்டின் வரலாறுதான்.

இனி ஊருக்கு வெளியே பார். 1924 ஜனவரி 9 அன்று, இலங்கைத் தேசிய காங்கிரஸின் முதல் தலைவர் சர் பொன்னம்பலம் அருணாசலம் மதுரையில் இறந்தார். அவரும் சட்டம்பி சுவாமிகளும் 1853-இல் மூன்று வார இடைவெளியில் பிறந்தவர்கள். ஒருவர் கேம்பிரிட்ஜில் படித்து இலங்கை சிவில் சர்வீஸில் சேர்ந்தார். மற்றவர் கூலி வேலை செய்து, குருமார்களைத் தேடி நடந்து கற்றார். ஏறக்குறைய ஒரே ஆயுள்தான். பிறந்த வீடு எவ்வளவு தூரத்தைத் தீர்மானிக்கிறது என்பதை இந்த இரண்டு வாழ்க்கையையும் அருகருகே வைத்தால் எந்த விளக்கமும் இல்லாமல் புரியும்.

ஜனவரி 21 அன்று லெனின் இறந்தார், உலகமே அறிந்தது. ஜூன் 3 அன்று எழுத்தாளர் ஃபிரான்ஸ் காஃப்கா 40 வயதில் இறந்தார், அறிந்தவர்கள் மிகச் சிலர். கையெழுத்துப் பிரதிகளை எரித்துவிடும்படி அவர் நண்பருக்கு எழுதிவைத்திருந்தார். நண்பர் எரிக்காமல் அச்சிட்டார். 1924 டிசம்பரில் உன்னைப்போல் ஒரு மாணவி பட்டியல் போட்டிருந்தால் அதில் காஃப்கா இருந்திருக்கமாட்டார். ஆகவே 'பெரியோர்' என்ற தலைப்பை எழுதும்போது, பெரியோர் என்று முடிவு செய்தது யார், எப்போது என்று உன்னையே கேட்டுக்கொள்.

இன்னொன்றும் கேள். ரிடீமர் படகில் ஆசானோடு மூழ்கியவர்கள் வேறு பலர். வெள்ளத்தில் போனவர்கள் எத்தனையோ பேர். அவர்களும் 1099-இல் மறைந்தவர்கள்தான். எல்லாப் பெயரையும் நம்மால் மீட்க முடியாது. ஆனால் அவர்கள் இருந்தார்கள் என்று ஒரு வரி எழுத முடியும். அதை விட்டுவிடாதே.

உன் பட்டியலைக் கிழித்துப் போட வேண்டாம். அதிலிருந்து ஐந்து பேரை மட்டும் தேர்ந்தெடு. இறக்கும்போது ஒவ்வொருவருக்கும் என்ன வயது, எந்த வேலை பாதியில் நின்றது, அதை யார் கையில் எடுத்தார்கள், இந்த ஐவரில் யாராவது இருவர் ஒரே கேள்வியின் முன் நின்றார்களா என்று தேடு. நூலகத்தில் அந்த ஆண்டின் செய்தித்தாள்களைப் புரட்டு. ஆசிரியரிடம் இன்னும் ஒரு வாரம் அவகாசம் கேள். மிச்சமாகும் இடத்தில் அந்த ஐந்து பேருக்கு இடையே இருந்ததை எழுதி அனுப்பு. படிக்கக் காத்திருக்கிறேன்.

அன்புடன்,
உன் மாமா