ஓசையைக் காக்கும் அறை

நுழையும்முன்

விளைந்த தானியத்தைக் குலுக்கை காக்கிறது. பாடிய குரலை ஒலிப்பதிவுக்கூடம் காக்கிறது. திரைப்படத்திற்காக எழுந்த கட்டடம் ஒலிப்பதிவுக்கூடமாக மாறுவது எவ்வாறு என்பதை இப்பாடம் விளக்குகிறது.

கோவில்பட்டியை அடுத்த எட்டயபுரம், கரிசல் நிலத்தின் இசைமுற்றம். முத்துசுவாமி தீட்சிதர் தம் இறுதிக்காலத்தை அங்குக் கழித்து 1835-இல் மறைந்தார். 1882-இல் அவ்வூரில் பிறந்த பாரதியார், தம் பாடல்களைத் தாமே பண்ணமைத்துப் பாடியவர். 1921-இல் மறைந்த அவருடைய பாடல்கள் அச்சில் நிலைத்தன. குரலோ ஒலிப்பதிவாக நமக்குக் கிடைக்கவில்லை.

1931-இல் தமிழ்த் திரைப்படம் பேசத் தொடங்கியது. அக்காலத்தில் நடிகர்கள் படப்பிடிப்புத் தளத்திலேயே பாடிக்கொண்டு நடித்தனர். 1938-இல் வெளிவந்த ‘நந்தகுமார்’ படத்தில் ஒருவர் நடிக்க மற்றொருவர் பாடும் பின்னணி முறை கையாளப்பட்டது. பாடலைத் தனியே பதிவுசெய்யும் இம்முறை வளர்ந்தபோது, அதற்கென அமைதியான அறைகள் தேவைப்பட்டன. 1947-இல் வெளிவந்த ‘நாம் இருவர்’ படத்தில் பாரதியாரின் பாடல்கள் டி.கே. பட்டம்மாளின் குரலில் ஒலித்தன. எட்டயபுரத்துச் சொல் பதிவொலியாகத் தமிழகமெங்கும் பரவியது.

காலப்போக்கில் சென்னையின் பழைய படப்பிடிப்பு நிலையங்கள் பலவும் மறைந்தன. ஆயினும், திரைத்துறைக் கட்டடங்களுள் சில புதுவாழ்வு பெற்றன. கோடம்பாக்கம் பகுதியில் படங்களை முன்னோட்டமாகத் திரையிட்டுவந்த எம்.எம். திரையரங்கை இசையமைப்பாளர் இளையராஜா தம் ஒலிப்பதிவுக்கூடமாக மாற்றினார். அங்கு 2021 பிப்ரவரியில் இசைப்பணி தொடங்கியது.

கருவிகளை இறக்கி வைப்பதனால் மட்டும் ஒரு கூடம் ஒலிப்பதிவுக்கு உரியதாகிவிடாது. படப்பிடிப்புத் தளம் கண்ணுக்காக அமைந்தது. அதன் உயர்ந்த வெற்றுச் சுவர்களில் ஓசை மோதித் திரும்பத் திரும்ப ஒலிக்கும். அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஒரு விரிவுரைக் கூடத்தில் பேச்சுத் தெளிவாகக் கேட்கவில்லை. 1895-இல் அதனை ஆராயத் தொடங்கிய வாலஸ் சபைன், இருக்கை மெத்தைகளைக் கூடத்தில் பரப்பி, ஓசை அடங்கும் நேரத்தை அளந்தார். மெத்தைகள் மிகுந்தபோது எதிரொலிப்பு நேரம் குறைந்தது. அறையின் கனஅளவும் ஓசையை உறிஞ்சும் பரப்பும் அந்நேரத்தை முடிவுசெய்கின்றன என்பதை அவர் நிறுவினார்.

பஞ்சு போன்ற நுண்துளைப் பொருள்களின் இழைகளுக்கிடையே காற்று அதிரும்போது, உராய்வினால் ஒலியாற்றல் வெப்பமாக மாறுகிறது. எனவே, சுவர்களில் இத்தகைய பொருள்கள் பதிக்கப்படுகின்றன. வெளியோசை நுழையாதவாறு இரட்டைச் சுவர்களும் இடுக்கற்ற கதவுகளும் அமைக்கப்படுகின்றன. பாடுவோர் அறைக்கும் பதிவாளர் அறைக்கும் இடையே இரட்டைக் கண்ணாடி பொருத்தப்படுகிறது. குளிரூட்டியின் மெல்லிய இரைச்சலும் அடக்கப்படுகிறது. ஓசையை முழுதும் உறிஞ்சிவிட்டால் இசை உயிரிழக்கும். ஆதலால் வேண்டிய அளவு எதிரொலிப்பை விட்டுவைப்பதே கலை.

கரிசல் காட்டில் களையெடுப்போர் பாட்டும், கும்மியும், ஒப்பாரியும் பெரும்பாலும் ஏட்டில் ஏறாதவை. பாடுவோர் மறைந்தால் அவையும் மறையும். பருத்தி விளையும் அம்மண்ணில், பயனற்றுக் கிடக்கும் ஒரு கூடத்தின் சுவர்களுக்குப் பஞ்சைப் போர்த்தினால், அக்குரல்களைக் காக்கும் அறை பிறக்கும். பாரதியின் குரலை இழந்த நிலம், இன்று பாடுவோரின் குரலையும் இழக்க வேண்டியதில்லை.