பட்டாளத்து பேண்ட், சாதா சட்டை

கேள்வி: அட்டப்பாடி, குமுளிப் பக்கம் பறவை பார்க்கப் போவோம். ராணுவத்தில் இருந்து ஓய்வுபெற்ற மாமா கொடுத்த பேண்ட்டை சாதா சட்டையோடு போடலாமா? – வாசகர், கம்பம்

பதில்: சட்டம் பார்ப்பது நோக்கத்தை. ராணுவ வீரர் என்று பிறர் நம்ப வேண்டும் என்றே அந்த உடுப்பையோ அதுபோன்ற ஒன்றையோ அணிந்தால், பாரதிய நியாய சன்ஹிதாவின் 168-ஆம் பிரிவுப்படி மூன்று மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பழைய இ.பி.கோ. 140-இல் அபராதம் 500 தான்.

கட்டம்போட்ட சட்டையும் கழுத்தில் பைனாகுலருமாகப் போகிறவரை யாரும் ஜவான் என்று நினைக்கப்போவதில்லை. ஆனால் அதை நீங்கள் விளக்குவது ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு! குறிப்பாக அட்டப்பாடியில். அங்கே மஞ்சிக்கண்டி காட்டில்தான் 2019 அக்டோபரில் கேரள போலீஸின் தண்டர்போல்ட் படை நான்கு மாவோயிஸ்டுகளைச் சுட்டுக் கொன்றது. புதர் மறைவில் இடுப்புக்குக் கீழே மட்டும் தெரியும் பட்டாளப் புள்ளிகளைப் பார்க்கிற காவலர் உங்கள் சட்டையைத் தேடமாட்டார். 2016 பதான்கோட் தாக்குதலுக்குப் பிறகு, இந்த உடுப்பைப் பொதுமக்கள் அணியவேண்டாம், கடைகள் விற்கவேண்டாம் என்று ராணுவமே கேட்டுக்கொண்டது.

பறவைக்கு வேண்டியது புள்ளியல்ல, உங்கள் அசையாமை. மங்கிய பழுப்போ சாம்பலோ போதும். காக்கி வேண்டாம், அது வனத்துறைக்காரர் நிறம். மழைக்காலமென்றால் முழங்கால்வரை அட்டைக்கடிக்கான துணியுறை அவசியம். மாமாவின் பேண்ட் வீட்டில் தென்னைக்குத் தண்ணீர் பாய்ச்ச உதவட்டும்.