அடிக்கண்ணாடி சுவருக்குக் கீழேதான்

கொளத்தூரில் மீன் வாங்கப் போகும்போதெல்லாம் தொட்டிகளைப் பார்த்துப் பார்த்து, நாமே ஒட்டிவிடலாம் என்ற தைரியம் வந்திருந்தது. 48-க்கு 18, உயரம் 18 அங்குலம். சுவர்களுக்கு 8 எம்எம், அடிக்கு 10 எம்எம் கண்ணாடி. ஓரங்களை உப்புத்தாளால் தேய்ப்பது, ஸ்பிரிட்டால் துடைப்பது, டேப் போட்டு நிறுத்துவது எல்லாம் ஒரு மாலை வேலை, யாரும் செய்யலாம்.

தப்பு நடந்தது அடிக்கண்ணாடியில். "நாலு சுவருக்கும் உள்ளே இறக்கிடுங்க சார், அதுதான் பலம், நீட்டாவும் இருக்கும்" என்றார் கண்ணாடிக் கடைக்காரர். நம்பினேன். சிலிகானுக்கு இடமே விடாமல் இறுக்கமாக வெட்டிக் கொடுத்தார். அழுத்தி இறக்கியதும் பசை முழுக்கப் பிதுங்கி வெளியே வந்துவிட்டது. போதாததற்கு, அடிக்கண்ணாடி சுவர் விளிம்புக்கு 2 எம்எம் மேலேயே நின்றது, மேசையைத் தொடவில்லை. 200 கிலோவுக்கு மேல் தண்ணீர் பாரம், அந்தப் பசையை நம்பித் தொங்கியது.

ஆறாம் நாள் விடியற்காலை கால் வைத்த இடமெல்லாம் ஈரம். தொட்டியைக் காலி செய்து பின்மூலையில் பிளேடை விட்டேன். கறுப்பு சிலிகான் அங்கே பாலாடைபோல மெலிந்து சாம்பலாகத் தெரிந்தது. அதன்மேலேயே இன்னொரு கோடு சிலிகான் இழுத்தேன். காய்ந்த சிலிகானில் புதுசு பிடிக்காது. இரண்டே நாளில் தோலாக உரிந்தது.

மொத்தத்தையும் பிரித்தேன். புது அடிக்கண்ணாடியைக் கீழே போட்டு, சுவர்களை அதன்மேல் நிறுத்தினேன். இப்போது பாரம் அடிக்கண்ணாடி, அதன் கீழே விரித்த தெர்மகோல் வழியாக நேராக மேசைக்குப் போகிறது. பூஞ்சைத் தடுப்பு மருந்து கலக்காத, வினிகர் வாடை அடிக்கும் சிலிகான்தான் வாங்கினேன். ஏழு நாள் தண்ணீர் ஊற்றவில்லை.

"கடையில வாங்கியிருந்தா இந்தத் தொல்லை உண்டா மாப்ளே?" என்று என் மச்சான் இன்னமும் கேட்கிறார். ஏழு வருஷமாக என் தொட்டியில் ஒரு சொட்டுக் கசிவில்லை. அவர் வீட்டுக் கடைத்தொட்டி இரண்டு முறை ரிப்பேருக்குப் போய் வந்துவிட்டது.

நீங்களும் நாலடித் தொட்டிதான் ஒட்டப் போகிறீர்கள் என்றால், அடிக்கண்ணாடி 48-க்கு 18 முழு அளவு. பக்கச்சுவர் இரண்டும் 457 அல்ல, முன்பின் கண்ணாடிக்கு 16, சிலிகானுக்கு 2 கழித்து 439 எம்எம். இதைத் தாளில் எழுதிக் கடைக்காரர் கையில் கொடுங்கள். வாய்ச்சொல்லாகச் சொல்லிவிட்டு வராதீர்கள்.